‘எனில்’ கூற்று மெய்யா பொய்யா: படிப்படியாகச் சோதிக்கும் முறை

பாளையங்கோட்டையில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். தர்க்கம் அதில்தான் வருகிறது. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் அதே கேள்விகளை வேறு உடுப்பில் கொண்டுவருவார்கள். இரண்டு கூட்டமும் வழுக்குவது ஒரே இடத்தில்: நிபந்தனைக் கூற்று. அதாவது ‘இது எனில் அது’ என்று வரும் வாக்கியம்.

வழுக்குவதற்குக் காரணம், முதல் நாளே மெய் அட்டவணையை, அதாவது பகுதிகள் மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்து முழுக்கூற்று என்னவாகும் என்று காட்டும் பட்டியலை, மனப்பாடம் செய்துவிடுவதுதான். வரிசையை மாற்றினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. நான் இப்போது பின்பற்றும் வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

1. தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு

முதலாவது, கூற்று எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மெய் அல்லது பொய் என்று சொல்லக்கூடிய வாக்கியம்தான் கூற்று. ‘அம்பைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?’ கூற்று அல்ல. ‘கதவைச் சாத்து’ என்பதும் அல்ல.

இரண்டாவது, ஒரு கூற்றைச் சரியாக மறுக்கத் தெரிய வேண்டும். ‘எல்லாரும் வந்துவிட்டார்கள்’ என்பதன் மறுப்பு என்ன என்று கேட்டால், பத்தில் ஏழெட்டுப் பேர் ‘யாரும் வரவில்லை’ என்பார்கள். தவறு. ஒரே ஒருவர் வராமல் இருந்தாலே அந்தக் கூற்று பொய்யாகிவிடும். ஆகவே மறுப்பு, ‘ஒருவராவது வரவில்லை’. இது கைவராமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பின்னால் எல்லாப் படியிலும் மறுப்பு வரும்.

2. வாக்கியத்தை ‘எனில்’ வடிவத்துக்கு மாற்றுங்கள்

நிறையப் பேர் தாண்டிப் போகும் படி இது. நான் அதிக நேரம் செலவிடுவதும் இங்கேதான். தமிழில் நிபந்தனை பல வேடத்தில் வரும். எது முன்பகுதி, எது பின்பகுதி என்று கோடு போட்டுப் பிரிக்காமல் மெய், பொய் பார்க்கத் தொடங்கினால் எல்லாம் கோணலாகும்.

‘பாஸ் வைத்திருப்பவர் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.’ இதில் ‘ஆல்’ இல்லை, ‘எனில்’ இல்லை. ஆனாலும் நிபந்தனைதான்: ஒருவர் பாஸ் வைத்திருக்கிறார் எனில், அவர் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை.

‘டோக்கன் வாங்கினால் சாப்பாடு.’ இது நேரானது. டோக்கன் முன்பகுதி, சாப்பாடு பின்பகுதி.

‘டோக்கன் வாங்கினால்தான் சாப்பாடு.’ ஒரு ‘தான்’ சேர்ந்ததும் திசை திரும்பிவிட்டது. டோக்கன் வாங்கிய எல்லாருக்கும் சாப்பாடு கிடைக்கும் என்று இது சொல்லவில்லை. சாதம் தீர்ந்துபோயிருக்கலாம். இது சொல்வது: ஒருவருக்குச் சாப்பாடு கிடைத்தது எனில், அவர் டோக்கன் வாங்கியிருக்கிறார். ‘டோக்கன் இல்லாமல் சாப்பாடு கிடையாது’ என்றாலும் இதே பொருள்தான். வினாத்தாளில் ‘தான்’ கண்ணில் பட்டால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடச் சொல்வேன்.

‘மழை பெய்தாலும் தேர் ஓடும்.’ இந்த ‘ஆலும்’ நிபந்தனையே அல்ல. பெய்தாலும் சரி, பெய்யாவிட்டாலும் சரி, ஆனித் தேர் ஓடும் என்கிறது. ‘தேர் ஓடும்’ என்று மட்டும் எழுதிக்கொண்டால் போதும்.

‘பசித்தால் அடுக்களையில் சோறு இருக்கு.’ ஆச்சி சொல்வது. உருவம் நிபந்தனை போலத் தெரியும். ஆனால் நமக்குப் பசிக்காவிட்டாலும் சோறு அங்கேதான் இருக்கும். இதை எனில் கூற்றாக எழுதி மேலே போனால் ‘சோறு இல்லை எனில் பசி இல்லை’ என்ற இடத்தில் போய் நிற்கும். இதுவும் நம் கணக்கில் சேராது.

‘சீக்கிரம் வந்திருந்தால் பஸ்ஸைப் பிடித்திருப்பாய்.’ நடக்காத ஒன்றை நடந்ததாக வைத்துப் பேசுவது. இந்தக் கட்டுரையில் வரும் அட்டவணை இதற்குப் பொருந்தாது. ஏன் என்பது நான்காம் படியில் தெரியும்.

3. ‘எப்போது இது பொய்யாகும்?’ என்று கேளுங்கள்

கூற்று மெய்யா என்று முதலில் கேட்காதீர்கள். எந்த நிலை வந்தால் இது உடையும் என்று கேளுங்கள்.

சித்தப்பா சொல்கிறார்: “ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைச்சா உங்கள மணிமுத்தாறு அருவிக்குக் கூட்டிட்டுப் போறேன்.” நான்கு நிலைகள் உண்டு. லீவு கிடைத்தது, கூட்டிப்போனார். லீவு கிடைத்தது, கூட்டிப்போகவில்லை. லீவு கிடைக்கவில்லை, எப்படியோ சமாளித்துக் கூட்டிப்போனார். லீவும் இல்லை, பயணமும் இல்லை.

“சித்தப்பா சொன்ன சொல்லை மீறிட்டாங்க” என்று எந்த நிலையில் சொல்ல முடியும்? இரண்டாவதில் மட்டும்தான். மூன்றாவதில் அவரைப் பொய்யர் என்று யாராவது சொல்வார்களா? நான்காவதில் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் இருக்கும், ஆனால் சொல் உடையவில்லை.

முன்பகுதி மெய்யாக இருந்து, பின்பகுதி பொய்யாக இருக்கும் அந்த ஒரே நிலை. எனில் கூற்றை உடைப்பது அது மட்டும்தான். நோட்டின் மேல் மூலையில் இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாப் படிகளும் இதிலிருந்தே வருகின்றன.

4. இப்போது அட்டவணையை நிரப்புங்கள்

இரண்டு கூற்றுகள் என்றால் 4 வரிசை, மூன்று என்றால் 8, நான்கு என்றால் 16. ஒரு கூற்று கூடும்போதெல்லாம் வரிசை இரட்டிக்கும். எப்போதும் ஒரே ஒழுங்கில் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு வரிசை விட்டுப்போகும்.

முன் மெய், பின் மெய்: கூற்று மெய்
முன் மெய், பின் பொய்: கூற்று பொய்
முன் பொய், பின் மெய்: கூற்று மெய்
முன் பொய், பின் பொய்: கூற்று மெய்

கடைசி இரண்டு வரிசையில்தான் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். “முன்பகுதியே பொய், அப்புறம் எப்படி சார் முழுசும் மெய்?” நல்ல கேள்வி. ‘விதி அப்படி’ என்று பதில் சொல்லி நகர்வதில் எனக்கு உடன்பாடில்லை. எண்களை வைத்துப் பாருங்கள்.

‘ஓர் எண் 6-ஆல் வகுபடும் எனில் அது 3-ஆல் வகுபடும்.’ எந்த முழு எண்ணுக்கும் இது மெய் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சரி, எண்ணை மாற்றிப் பாருங்கள். 12: இரண்டு பகுதியும் மெய். 9: முன்பகுதி பொய், பின்பகுதி மெய். 5: இரண்டும் பொய். எல்லா எண்ணுக்கும் மெய் என்று ஒப்புக்கொண்டோமே, அப்படியானால் 9-க்கும் 5-க்கும் மெய்யாகத்தான் இருக்க வேண்டும். முதல், மூன்றாம், நான்காம் வரிசைகள் மூன்றுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. இரண்டாம் வரிசைக்கு மட்டும் எந்த எண்ணும் கிடைக்காது. கூற்று மெய் என்பதன் பொருளே அதுதான்.

இதனால் இன்னொன்றும் நடக்கும். ‘இன்று பிப்ரவரி 30 எனில் கடை திறந்திருக்கும்’, ‘இன்று பிப்ரவரி 30 எனில் கடை திறந்திருக்காது’. இரண்டும் ஒரே நேரத்தில் மெய். இரண்டும் மோதுவது போலத் தெரிந்தாலும் மோதவில்லை. அந்தத் தேதி வராதவரை இரண்டில் எதையும் உடைக்க வழியில்லை. முன்பே சொன்ன ‘வந்திருந்தால்’ வாக்கியத்தை விலக்கியதும் இதனால்தான். அதன் முன்பகுதி எப்போதும் பொய் என்பதால், அட்டவணை எதைக் கேட்டாலும் மெய் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

5. பொதுக்கூற்று என்றால் உடைக்கும் உதாரணத்தைத் தேடுங்கள்

‘ஓர் எண் பகா எண் எனில் அது ஒற்றைப்படை.’ உடைக்க ஒரே ஓர் எண் போதும்: 2. வேலை முடிந்தது.

ஆனால் மெய் என்று காட்ட உதாரணங்கள் போதாது, எத்தனை இருந்தாலும் சரி. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0 வைத்தால் 41. 1 வைத்தால் 43. 2 வைத்தால் 47. இப்படி 39 வரை பகா எண்ணாகவே வந்துகொண்டிருக்கும். நாற்பது முறை சரியாக வந்த பிறகு யாருக்குத்தான் நம்பிக்கை வராது? 40 வைத்தால் 1681. அது 41-ஐ 41-ஆல் பெருக்கினால் வருவது.

6. எதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966-இல் தந்த ஒரு சோதனை இந்தப் படிக்கு மிகவும் உதவும். நான் ஊர்ப்பெயர்களை வைத்து நடத்துகிறேன்.

நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் ஊர்ப்பெயர், மறுபக்கம் ஓர் எண். மேசையில் நமக்குத் தெரிவது: அம்பை, களக்காடு, 4, 7. விதி: ஒரு பக்கம் அம்பை எனில், மறுபக்கம் இரட்டைப்படை எண். விதி மெய்யா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்?

பெரும்பாலானோர் அம்பையையும் 4-ஐயும் தொடுவார்கள். மூன்றாம் படியை நினைவுபடுத்துங்கள். விதியை உடைப்பது எது? ஒரு பக்கம் அம்பை, மறுபக்கம் ஒற்றைப்படை எண். 4 உள்ள அட்டையின் பின்னால் எந்த ஊர் இருந்தாலும் அது விதியை உடைக்காது. 7-இன் பின்னால் அம்பை இருந்தால் உடைந்துவிடும். ஆகவே அம்பையும் 7-உம்.

இதே கணக்கைச் சாலையில் வைத்துக் கேட்டால் யாரும் தவறுவதில்லை. ‘கியர் பைக் ஓட்டினால் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்.’ திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை முக்கில் நால்வர்: கியர் பைக்கில் வரும் ஒருவர், சைக்கிளில் வரும் ஒருவர், 20 வயதுக்காரர், 15 வயதுப் பையன். யாரிடம் விசாரிக்க வேண்டும்? பைக்கில் வருபவரிடம் வயது, 15 வயதுப் பையனிடம் என்ன வண்டி ஓட்டுகிறான் என்று. எல்லாரும் உடனே சொல்லிவிடுவார்கள். அட்டைக் கணக்கு பிடிபடாதபோது, அதை இப்படி ஒரு நாட்டு நடப்பு விதியாக மாற்றிப் பாருங்கள்.

7. திருப்புதல், மறுத்தல், இரண்டும்

ஓர் எனில் கூற்றிலிருந்து மூன்று புதுக் கூற்றுகள் செய்யலாம். பெயர்களை அப்புறம் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். செய்கையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூலம் இது என்று வைத்துக்கொள்வோம், மெய் என்றும் ஒப்புக்கொள்வோம்: ‘பாபநாசம் அணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்தால், வண்ணாரப்பேட்டையில் ஆறு ஏறும்.’

பகுதிகளை இடம் மாற்றினால் மறுதலை: ‘வண்ணாரப்பேட்டையில் ஆறு ஏறினால், பாபநாசத்தில் கூடுதலாகத் திறந்திருக்கிறார்கள்.’ மூலத்திலிருந்து இது வராது. மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு எல்லாம் நகருக்கு மேற்கேயே தாமிரபரணியில் சேர்ந்துவிடுகின்றன. அவற்றில் எது பெருகினாலும் இங்கே ஆறு ஏறலாம். (சிற்றாறு மட்டும் கீழே சீவலப்பேரியில்தான் சேர்கிறது. அதன் மேல் பழி போட முடியாது.)

இடம் மாற்றாமல் இரண்டு பகுதியையும் மறுத்தால்: ‘பாபநாசத்தில் கூடுதலாகத் திறக்காவிட்டால், ஆறு ஏறாது.’ இதுவும் வராது. காரணம் அதே மணிமுத்தாறும் மற்றவையும்தான்.

இடம் மாற்றி, மறுக்கவும் செய்தால்: ‘ஆறு ஏறவில்லை எனில், பாபநாசத்தில் கூடுதலாகத் திறக்கவில்லை.’ இது மட்டும் மூலத்தோடு எப்போதும் ஒத்துப்போகும். ஏன்? இதை உடைக்கும் நிலை என்ன என்று பாருங்கள்: ஆறு ஏறவில்லை, ஆனால் அணையில் திறந்திருக்கிறார்கள். மூலத்தை உடைப்பதும் அதே நிலைதான். உடையும் இடம் ஒன்றானால் இரண்டும் ஒரே கூற்று.

நிரூபணத்தில் இது பெரிய உதவி. ‘ஒரு முழு எண்ணின் வர்க்கம் இரட்டைப்படை எனில் அந்த எண்ணும் இரட்டைப்படை’ என்பதை நேராக நிரூபிக்கப் போனால் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. திருப்பி மறுத்தால், ‘எண் ஒற்றைப்படை எனில் வர்க்கமும் ஒற்றைப்படை’. ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றை. முடிந்தது.

8. தகவல் கிடைத்ததும் நான்கில் இரண்டில் மட்டும் முடிவு சொல்லுங்கள்

எனில் கூற்று மெய் என்று தெரியும். கூடவே ஒரு தகவல் கிடைக்கிறது. முன்பகுதி மெய் என்ற தகவல் வந்தால், பின்பகுதி மெய் என்று சொல்லலாம். பின்பகுதி பொய் என்று வந்தால், முன்பகுதி பொய் என்று சொல்லலாம். மற்ற இரண்டிலும், அதாவது முன்பகுதி பொய் என்றோ பின்பகுதி மெய் என்றோ வந்தால், எதுவும் சொல்ல முடியாது. ‘எதுவும் சொல்ல முடியாது’ என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடைதான். அதை எழுதப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள்.

எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ஒருநாள் ஓடவில்லை. ‘கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது’ என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மோட்டார் ஓடவில்லை, ஆகவே கரண்ட் இல்லை என்று மாமா முடிவு கட்டிவிட்டார். இரண்டு மணி நேரம் கரண்டுக்காகக் காத்திருந்தோம். கடைசியில் கூடத்து விளக்கைப் போட்டால் எரிகிறது. போயிருந்தது மோட்டாரின் கண்டென்சர். பின்பகுதி மெய் என்பதை வைத்து முன்பகுதி மெய் என்று சொன்ன தவறு அது.

இரண்டு எனில் கூற்றுகளைக் கோக்கும்போது, முதலாவதின் பின்பகுதியும் இரண்டாவதின் முன்பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘மருத்துவர் எனில் படித்தவர், ஆசிரியர் எனில் படித்தவர்’ என்ற இரண்டில் பின்பகுதிகள்தான் ஒன்றாக இருக்கின்றன. மருத்துவரையும் ஆசிரியரையும் இணைக்க இவற்றால் முடியாது. வங்கித் தேர்வில் அடிக்கடி விரிக்கும் வலை இது.

9. மறுக்கச் சொன்னால் ‘எனில்’ காணாமல் போக வேண்டும்

‘மழை பெய்தால் விடுமுறை’ என்பதன் மறுப்பு? ‘மழை பெய்தால் விடுமுறை இல்லை’ என்று எழுதாதீர்கள். மழையே பெய்யாத நாளில் இந்த இரண்டும் மெய்யாகிவிடும். பிப்ரவரி 30 போல. ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒருசேர மெய்யாக இருக்க முடியாது. சரியான மறுப்பு, உடைக்கும் அந்த ஒரே வரிசைதான்: ‘மழை பெய்தது, ஆனால் விடுமுறை இல்லை.’

10. வடிவம் வேறு, தகவல் வேறு

‘குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது எனில், அது தமிழ்நாட்டில் இருக்கிறது. குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே, அது தமிழ்நாட்டில் இருக்கிறது.’

வடிவம் சரி. முடிவும் மெய். ஆனால் நடுவில் உள்ள தகவல் பொய்: 2019-இல் தென்காசி தனி மாவட்டமானபோது குற்றாலம் அதோடு போய்விட்டது. ‘வாதம் சரியான வடிவில் உள்ளதா’ என்று கேட்டால் தகவலைப் பார்க்கக் கூடாது, வடிவத்தை மட்டும் பாருங்கள். ‘கூற்றுகள் மெய்யா’ என்று கேட்டால் தகவலைப் பாருங்கள். முடிவு மெய்யாக இருப்பதால் வாதமும் சரி என்று டிக் அடிப்பவர்கள் அதிகம்.

11. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புதிர்

ஓர் ஊரில் இரண்டு வகை ஆட்கள். ஒரு வகையினர் மெய் மட்டுமே சொல்வார்கள், மற்றவர்கள் பொய் மட்டுமே. ஒருவர் ஒரு டப்பாவைக் காட்டிச் சொல்கிறார்: “நான் மெய் சொல்பவன் எனில், இந்த டப்பாவில் அல்வா இருக்கிறது.” இருக்கிறதா?

அவர் பொய் சொல்பவர் என்று வைத்துப் பாருங்கள். அப்போது முன்பகுதி பொய். முன்பகுதி பொய்யானால் முழுக்கூற்று மெய். பொய் மட்டுமே சொல்பவர் மெய்யான கூற்றைச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே அவர் மெய் சொல்பவர்தான். அப்படியானால் அவர் சொன்ன கூற்று மெய், அதன் முன்பகுதியும் மெய். எட்டாம் படியின்படி பின்பகுதியும் மெய். டப்பாவில் அல்வா இருக்கிறது.

அவரே ஒரு சொல்லை மாற்றி, “நான் பொய் சொல்பவன் எனில், இந்த டப்பாவில் அல்வா இருக்கிறது” என்று சொன்னால்? அவர் மெய் சொல்பவராக இருந்தால் முன்பகுதி பொய், கூற்று மெய், அல்வா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பொய் சொல்பவராக இருந்தால் முன்பகுதி மெய், கூற்று பொய்யாக வேண்டும், ஆகவே அல்வா இல்லை. இரண்டு வழியும் முரண் இல்லாமல் நிற்கின்றன. அவர் யார் என்றும் தெரியாது, டப்பாவில் என்ன என்றும் தெரியாது. ‘எதுவும் சொல்ல முடியாது’ என்று எழுதி, இந்த இரண்டு வழியையும் கீழே காட்டுங்கள்.